கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு பாக்குவெட்டி

என் கணவர் யுத்தக் கப்பலில் வேலை பார்த்தவர். திருவரங்குளத்துக்குப் பக்கத்தில் மானாவாரி நிலத்தில் கடலை போடுகிற குடும்பத்திலிருந்து ஒருவர் கடற்படைக்குப் போவது அந்தக் காலத்தில் யாரும் கேள்விப்படாத சங்கதி. பட்டாளத்துக்குப் போனவர்கள் ஊருக்கு நாலு பேர் இருந்தார்கள். கப்பலுக்குப் போனவர் அவர் ஒருவர்தான். சண்டை முடிந்து ஊர் திரும்பிய கொஞ்ச காலத்தில் எனக்கும் அவருக்கும் கல்யாணம் நடந்தது. நான் எட்டாவது படித்து ஆசிரியப் பயிற்சியும் முடித்திருந்தேன். மருமகள் வேலைக்குப் போவதில் மாமனாருக்கு இஷ்டமில்லை. அதனால் என் சான்றிதழ் பெட்டிக்குள் கிடந்தது. அவருக்கும் வேலை கிடைக்கவில்லை. வெள்ளைக்காரன் கப்பலில் இருந்தவன் என்று சொன்னாலே ஆபீசுகளில் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார்கள்.

புதுக்கோட்டை சமஸ்தானம் இந்தியாவோடு சேர்ந்த அந்த வருடம், எங்கள் வீட்டு வாசலில் ஒரு கறுப்புக் கார் வந்து நின்றது. இறங்கியவர் திருமயத்துப் பக்கம் பெரிய வீடு உள்ளவர். பர்மாவில் மர வியாபாரம் செய்து, ஜப்பான்காரன் குண்டு போட்டபோது கப்பலேறித் தப்பி வந்த குடும்பம். எல்லோரும் அவரை முதலாளி என்பார்கள். நானும் அப்படியே சொல்கிறேன். கடல் சண்டை சம்பந்தப்பட்ட சாமான்களைச் சேகரிப்பதுதான் அவருக்கு எல்லாம். தப்பி வந்த கப்பலில் அவருக்கு அந்தப் பித்துப் பிடித்தது என்பார்கள். பக்கத்தில் போன இன்னொரு கப்பல் கண்ணெதிரே எரிந்து மூழ்கியதைப் பார்த்தவர். அதற்கப்புறம் மனசு அதையே சுற்றிக்கொண்டிருந்தது போலும்.

பாயில் உட்கார்ந்து, நான் கொடுத்த மோரைக் குடித்துவிட்டு என் கணவரிடம் கேட்டார்.

"சண்டையில முங்குன கப்பல்ல நீ இருந்தியாமே? அதுலேர்ந்து ஏதாச்சும் கொண்டாந்திருக்கியாப்பா?"

அவர் உள்ளே போய்த் தகரப் பெட்டியைத் திறந்தார். தொப்பியில் சுற்றுகிற கறுப்பு நாடா, ஒரு ஊதல், அப்புறம் ஒரு துணியில் சுற்றிய பாக்குவெட்டி. கிளி உருவத்தில் பித்தளைக் கைப்பிடி, இரும்பு அலகு. நாடாவையும் ஊதலையும் எடுத்து வைத்தவர், பாக்குவெட்டியை மட்டும் கையிலேயே வைத்துக்கொண்டார்.

"இது என்னுது இல்லீங்க. கூட இருந்தவரோடது. கோட்டைப்பட்டினத்துப் பக்கம் கடக்கரை ஊரு. சாகையில எங்கிட்டக் குடுத்து, வீட்டுல சேத்துருன்னாரு. நான் ஊரு வந்ததும் அங்க போனேன். அவரு சம்சாரம் அண்ணங்காரரோட சிலோனுக்குப் போயிருச்சுன்னாங்க. செத்தத அதுக்கிட்டத்தான் மொதல்ல சொல்லணும்னு யாருகிட்டயும் வாயத் தொறக்காம வந்துட்டேன். வந்தா குடுக்கணும்."

முதலாளி கையை நீட்டினார். அவர் கொடுத்தார். முதலாளி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்த விதத்தில், குழந்தையைத் தூக்கி வைத்திருப்பவர் போல ஒரு ஜாக்கிரதை இருந்தது.

"இந்த ஓலைக் கூரைக்குள்ள கெடந்தா துருப்புடிச்சுப் போயிரும். எங்கிட்ட இருக்கட்டும். அந்தப் பொண்ணு வந்தா குடுத்துருவோம். நீயும் எங்கூட வா. இந்தச் சாமான்களப் பாத்துக்கிறதுக்குக் கப்பல் தெரிஞ்ச ஆளு வேணும்."

அப்படித்தான் பாக்குவெட்டி போயிற்று. அதோடு நாங்களும் போனோம்.

மாட்டுக்கொட்டகைக்குப் பின்னால் எங்களுக்கு இரண்டு அறை கொடுத்தார்கள். பெரிய வீட்டின் இரண்டாம் கட்டில், ஒரு காலத்தில் கல்யாணப் பந்தி போட்ட நீளமான கூடம்தான் கப்பல் அறை. உள்ளே போனால் நல்லெண்ணெயும் துருவும் கலந்த ஒரு வாசனை வரும். நாகப்பட்டினத்துக் கரையில் தோண்டி எடுத்த பீரங்கிக் குண்டுகள் பூசணிக்காய் மாதிரி வரிசையாக அடுக்கியிருந்தன. தரங்கம்பாடியிலிருந்து ஒரு குட்டிப் பீரங்கி. குண்டு துளைத்த ஓட்டையோடு ஒரு தேக்குப் பலகை. கப்பல் மணி, திசைகாட்டி, ஒரு பக்கம் உடைந்த சுக்கான் சக்கரம். எம்டன் கப்பல் சென்னையில் போட்ட குண்டின் சிதறல் என்று ஏழெட்டு இரும்புத் துண்டுகள் தனி மேசையில் இருந்தன. தரகர்கள் கொண்டுவந்து கொடுக்கக் கொடுக்க முதலாளி வாங்கினார். அதில் எது எம்டனுடையது, எது கொல்லன் பட்டறையுடையது என்று யாருக்குத் தெரியும்? கேட்டால் முதலாளி சிரிப்பார். "இதுல ஒண்ணு நெசமா இருந்தாப் போதும்" என்பார்.

பாக்குவெட்டிக்குத் தனியாக ஒரு கண்ணாடிப் பெட்டி. நீல வெல்வெட் துணி, அதன்மேல் வெள்ளி நாடா கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். மற்றதெல்லாம் பழைய சண்டைகளின் மிச்சம். இது ஒன்றுதான் சொல்வதற்கு ஆள் உயிரோடு இருக்கிற சாமான். வருகிறவர்கள் எல்லாவற்றையும் பார்த்துவிட்டுக் கடைசியில் இதன் முன்னால் வந்து நிற்பார்கள். அங்கே என் கணவர் பேச வேண்டும்.

நடந்தது என்ன என்று எனக்கு அவர் கல்யாணமான புதிதில் ஒரே ஒரு தடவை சொல்லியிருந்தார். அவர் கப்பல் சரக்குக் கப்பல்களுக்குக் காவலாகப் போன சின்னக் கப்பல். காலைச் சாப்பாட்டு நேரத்தில் விமானங்கள் வந்தன. அவருடைய சிநேகிதர் சமையல்காரர். குண்டு விழுந்தபோது அடுப்பிலிருந்த கொதிகஞ்சி முழுதும் அவர்மேல் கொட்டிவிட்டது. இரண்டு பேரும் தண்ணீரில் விழுந்து ஒரு தக்கை மிதவையைப் பிடித்துக்கொண்டு மிதந்தார்கள். பகல் முழுக்க வெயில். வெந்த உடம்பில் உப்புத் தண்ணீர். சிநேகிதர் தண்ணி, தண்ணி என்று கேட்டுக்கொண்டே இருந்தாராம். அரைஞாண் கயிற்றில் கட்டியிருந்த பாக்குவெட்டியை அவிழ்த்துக் கொடுத்தாராம். பொழுது சாய்கிற நேரத்தில் இன்னொரு கப்பல் வந்து இவரைத் தூக்கியது. அதற்குச் சற்று முன்புதான் சிநேகிதர் கை நழுவிப் போயிருந்தது.

இதை இப்படியே முதல் விருந்தாளிகளிடம் சொல்லியிருக்கிறார். அன்று சாயங்காலம் முதலாளி கூப்பிட்டு அனுப்பினார். நான் வெந்நீர் அண்டாவுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன், காதில் விழுந்தது.

"இத வாரவங்ககிட்டச் சொல்ல முடியாதுப்பா. எலை போட்டுச் சாப்புட்டுட்டு வந்து நிக்கிறாங்க. கஞ்சி கொட்டிச் செத்தான்னா யாருக்கு என்ன வரும்? அந்தப் பையன் பீரங்கிக்கிட்ட நின்னான்னு சொல்லு. கூட நின்னவந்தானே நீ."

"அவரு சமையக்கட்டுங்க."

"செத்தவனுக்கு மரியாதைதானே செய்யிறோம்? கொறைக்கச் சொல்லலியே."

முதலாளி யாரையும் அதட்டிப் பேசி நான் பார்த்ததில்லை. அவர் கெட்டவராக இருந்திருந்தால் எங்களுக்குச் சுலபமாக இருந்திருக்கும். எங்கள் மகளுக்கு அம்மை போட்டபோது அவர் வீட்டிலிருந்துதான் இளநீர் வந்தது. அப்படிப்பட்டவர் நயமாகச் சொன்னால் மறுப்பது கடினம். சமையல்காரர் பீரங்கி வீரர் ஆனார். அடுத்த வருடம் கப்பல் மூழ்கும்போது அவர் கொடியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றார். அதற்கடுத்து, கொடிக் கயிற்றை அறுத்தது இந்தப் பாக்குவெட்டியால்தான் என்று ஆயிற்று. புதுக்கோட்டைத் தையல்காரரிடம் அளவு கொடுத்து என் கணவருக்கு வெள்ளைச் சீருடை தைத்தார்கள். அவர் அதைப் போட்டுக்கொண்டு விறைப்பாக நின்று, கையை உயர்த்தி, குரலை ஏற்றி இறக்கிச் சொன்னார். பெண்கள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள்.

ஒரு தடவை கதர் போட்ட பெரிய மனிதர் ஒருவர் கேட்டுவிட்டார், "எந்தக் கொடிங்க அது?" என்று. வெள்ளைக்காரன் கொடிக்காகத் தமிழன் செத்தான் என்று அந்த வருடங்களில் எப்படிச் சொல்வது? முதலாளிதான் முந்திக்கொண்டு, "கப்பல் கொடிங்க, கப்பல் கொடி" என்றார். கேட்டவரும் தலையாட்டிக்கொண்டார்.

என்னால் பொறுக்க முடியாமல் போனது வேறொன்று. ஒரு நாள் சோறு சாப்பிடும்போது எங்கள் மகள், "அப்பா, அந்த மாமா எப்பிடிச் செத்தாரு?" என்று கேட்டாள். அவர் பிசைந்த கையோடு கொடிக் கதையைச் சொன்னார். எங்கள் வீட்டுக்குள், சீருடை இல்லாமல், கேட்கிறவர் எவரும் இல்லாத இடத்தில். குழந்தை எழுந்து போனதும் கேட்டேன்.

"அதுக்கிட்டக்கூட நெசத்தச் சொல்லக் கூடாதா?"

"இதுவே இருந்துட்டுப் போகட்டும். இப்பிடியே செத்திருந்தா அவனுக்கும் நல்லாத்தானே இருந்திருக்கும்" என்றார்.

மகள் மூன்றாவது படித்த வருடம் அந்தப் பெண் வந்தாள்.

அன்றைக்கு ஜில்லா அதிகாரிகள் சிலர் குடும்பத்தோடு வந்திருந்தார்கள். வாசலில் கருவாட்டுக் கூடையோடு ஒருத்தி நிற்கிறாள், கப்பல்காரரைப் பார்க்க வேண்டுமாம் என்று வந்து சொன்னார்கள். நான் போனேன். என் வயதுதான் இருக்கும். கறுத்து மெலிந்த முகம், நெற்றியில் பெரிய குங்குமம், கழுத்தில் மஞ்சள் கயிறு. சிலோனிலிருந்து திரும்பி வந்துவிட்டதாகவும், தங்கள் ஊர் ஆள் ஒருவர் கப்பலில் செத்த கதையை இங்கே ஒருவர் சொல்கிறார் என்று கருவாட்டு வியாபாரி மூலம் கேள்விப்பட்டதாகவும் சொன்னாள். யார் என்று எனக்குப் புரிந்துவிட்டது. கூடையை வெளியே வைக்கச் சொன்னார்கள். அவளைக் கூட்டத்துக்குப் பின்னால் கூட்டிக்கொண்டு போய் நிறுத்தினேன். முதலில் அவரைத் தனியாகக் கூப்பிடலாம் என்றுதான் நினைத்தேன். அதற்குள் அவர் பேச ஆரம்பித்துவிட்டார்.

பீரங்கி, நெருப்பு, கொடி, கயிறு. எல்லாவற்றையும் கேட்டாள். கூட்டம் கலைந்ததும் பெட்டியின் கிட்டே போனாள். கண்ணாடியில் மூக்கு படுகிற அளவுக்குக் குனிந்து பார்த்தாள்.

"ஐயா, இது எங்க வீட்டுச் சாமானுங்க" என்றாள் முதலாளியைப் பார்த்து. "எங்கப்பாரு சீருல வச்சுக் குடுத்தது. கிளி மூக்கு ஒரு பக்கம் நசுங்கிருக்கும் பாருங்க. அம்மிக் கொழவி விழுந்துருச்சு."

முதலாளி மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார். நசுங்கியிருந்தது. அவருக்கு வந்த சந்தோஷத்தை நான் என்ன சொல்ல! இத்தனை வருடம் கையில் இருந்தும் அந்த நசுங்கலுக்குக் காரணம் அவருக்குத் தெரியாது. சண்டையில் பட்ட அடி என்று சொல்லிக்கொண்டிருந்தார். இப்போது அதைவிடப் பெரியது கிடைத்துவிட்டது.

"அந்த வீரனோட சம்சாரமா நீ! தாயி, இங்கிட்டு வா, இங்கிட்டு வந்து நில்லு."

வந்திருந்த அதிகாரி ஒருவரிடம் காமெரா இருந்தது. அவளைப் பெட்டிக்குப் பக்கத்தில் நிறுத்தி, கையைக் கண்ணாடிமேல் வைக்கச் சொல்லிப் படம் எடுத்தார்கள். அவளுக்கு என்ன நடக்கிறதென்றே தெரியவில்லை. வெளிச்சம் அடித்ததும் கண்ணை மூடிக்கொண்டாள். இன்னொன்று எடுத்தார்கள்.

அப்புறம் அவள் கேட்டாள். "நான் எடுத்துட்டுப் போகவாங்க?"

என் கணவர் குறுக்கே வந்தார். "ஐயா, அன்னைக்கி எங்க வீட்டுல வச்சுச் சொன்னீங்க. அந்தப் பொண்ணு வந்தா குடுத்துருவோம்னு."

"சொன்னேன், இல்லேங்கல. அன்னைக்கி அது பாக்குவெட்டி. இன்னைக்கி அது சரித்திரம்" என்றார் முதலாளி. பிறகு அவளிடம், "இது இனிமே ஒரு வீட்டுச் சாமான் இல்லம்மா. நீ எப்ப வேணும்னாலும் வந்து பாக்கலாம். இங்க வெல்வெட்டுல இருக்கு. ஒங்க வீட்டுக்குப் போனா பாக்கு வெட்டத்தான் ஆகும்."

"ஆமாங்க. பாக்கு வெட்டத்தான்" என்றாள் அவள்.

யாரோ சிரித்தார்கள். முதலாளி அவளுக்கு ஒரு புடவையும் அரிசியும் கொடுக்கச் சொன்னார். அவள் வாங்கவில்லை.

எங்கள் அறைக்கு அழைத்துக்கொண்டு போனேன். சோறு போட்டேன், தொடவில்லை. அவர் சீருடையைக் கழற்றிவிட்டு வேட்டியோடு வந்து அவளுக்கு முன்னால் தரையில் உட்கார்ந்தார்.

"அண்ணே, அவருக்குப் பீரங்கின்னா என்னன்னே தெரியாது. சமையக்கட்டுலதான் இருக்கேன், நல்லாச் சாப்புடுறேன்னு சொல்லிட்டுப் போனாரு. அவருதானா? வேற ஆளச் சொல்றீங்களா?"

அவர் சொன்னார். கஞ்சி, வெயில், தண்ணீர் கேட்டது, கை நழுவியது, எல்லாம். இடையில் நிறுத்தவில்லை, அழவுமில்லை. அவள் ஒரு இடத்தில் மட்டும் கேட்டாள்.

"நீங்க பாத்தீங்களா, செத்தத?"

"எங் கையிலதாம்மா இருந்தாரு."

காணாமல் போனவர் பட்டியலில் பேர் இருக்கிறது என்று மட்டும்தான் சர்க்கார் சொல்லியிருந்ததாம். ஏதாவது ஒரு தேசத்தில் சிறையில் இருப்பார், ஒரு நாள் வருவார் என்று அவளுடைய அண்ணன் சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறார். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"அப்ப நான் பொட்ட அழிச்சிரவாக்கா?"

அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசி பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று அவர்தான் எழுந்தார்.

மறுநாள் காலை கப்பல் அறையைத் துடைக்கப் போனவர் திரும்பி வரவில்லை. சாவி அவரிடம்தான் இருக்கும். பட்டப்பகலில் பெட்டியைத் திறந்து, பாக்குவெட்டியை எடுத்து மடியில் கட்டிக்கொண்டு, திருமயத்தில் பஸ் ஏறி, புதுக்கோட்டை போய், அறந்தாங்கி வழியாகக் கடற்கரைக்குப் போயிருக்கிறார். அவள் கையில் கொடுத்துவிட்டு அங்கேயே சாப்பிட்டுவிட்டு, சாயங்காலம் வந்து நேராக முதலாளியிடம் போய்ச் சொல்லிவிட்டார். "குடுத்துட்டு வந்துட்டேங்க."

விடிந்ததும் கார் கிளம்பியது. டிரைவரும் ஒரு போலீஸ்காரரும் போனார்கள். அதே நேரத்தில் இவரை ஸ்டேஷனுக்குக் கூட்டிப்போய் பெஞ்சில் உட்கார வைத்தார்கள்.

கடற்கரையில் நடந்ததை டிரைவர் அப்புறம் என்னிடம் சொன்னார். திருட்டுச் சாமான் வைத்திருக்கிறாயாமே என்று போலீஸ்காரர் தெரு நடுவில் நின்று சத்தம் போட்டாராம். ஊரே கூடிவிட்டதாம். அவள் வெளியே வந்தாளாம். "செத்த நேரம் இருங்க, பாக்கு ஒட்டிருக்கு" என்று முந்தானையால் துடைத்துக் கொடுத்தாளாம். நெற்றியில் அப்போதே பொட்டு இல்லையாம்.

பாக்குவெட்டி வெல்வெட்டுக்குத் திரும்பியதும் முதலாளி புகாரை வாபஸ் வாங்கிக்கொண்டார். இவரை வரவழைத்து உட்காரச் சொன்னார்.

"பத்து வருசம் போல நம்மகிட்ட இருந்துட்ட. நான் எதையும் மனசுல வச்சுக்கல. நாளையிலேர்ந்து வழக்கம்போல வா. நீ இல்லாம அந்தப் பெட்டிக்கிட்ட நின்னு யாரு சொல்லுவா?"

"இனிமே அந்தக் கதைய என் வாயால சொல்ல மாட்டேங்க."

"அப்ப வேற என்ன வேல ஒனக்கு இங்க?"

அவ்வளவுதான். சாமான்களை ஏற்றிக்கொண்டு திருவரங்குளத்துப் பக்கம் திரும்பினோம். வண்டியில் வரும்போது நான் அவரிடம் வாய்க்கு வந்தபடி பேசினேன். மகளையும் கைக்குழந்தையையும் வைத்துக்கொண்டு அடுத்த வேளைக்கு என்ன செய்யப் போகிறோம், யாருடைய பாக்குவெட்டிக்காக யாருடைய சோற்றில் மண்ணைப் போட்டீர்கள் என்று கேட்டேன். அவர் செய்தது சரிதான். என் கோபமும் சரிதான். இன்றைக்கும் இரண்டில் எதையும் என்னால் விட்டுக்கொடுக்க முடியவில்லை. அவர் செய்த சரியினால் அந்தப் பெண்ணுக்கு ஊர் நடுவில் திருடி என்ற பேர்தான் கிடைத்தது.

மாமனார் அதற்குள் படுத்த படுக்கையாகியிருந்தார், என்னைத் தடுக்க யாரும் இல்லை. பெட்டியிலிருந்த சான்றிதழை எடுத்துக்கொண்டு அலைந்து, ஒரு ஆரம்பப் பள்ளியில் வேலைக்குச் சேர்ந்தேன். நாங்கள் பிழைத்தது அதில்தான். அவர் தன் தம்பியின் நிலத்தில் கூலியாள் மாதிரி வேலை செய்தார். கடல் என்ற வார்த்தையை அப்புறம் அவர் வாயிலிருந்து நான் கேட்டதில்லை.

சில வருடங்கள் கழித்து எங்கள் பள்ளிப் பிள்ளைகளைச் சுற்றுலா கூட்டிப்போனோம். நார்த்தாமலை, கொடும்பாளூர், திருமயம் கோட்டை. எல்லாம் முடிந்ததும் தலைமையாசிரியர், "பக்கத்துல கப்பல் வீடு இருக்கு, பிள்ளைங்க பாக்கணும்" என்றார். அவர் வெளியூர்க்காரர், எங்கள் கதை அவருக்குத் தெரியாது. நான் வாசலில் நிற்கிறேன் என்றேன். சின்னப் பிள்ளைகளை யார் பார்த்துக்கொள்வது என்றார். உள்ளே போனேன்.

கண்ணாடிப் பெட்டிக்குப் பக்கத்தில் அந்த வெள்ளைச் சீருடையில் டிரைவர் நின்றுகொண்டிருந்தார். இடுப்பில் பிரித்து விட்டுத் தைத்திருந்தார்கள். என்னைப் பார்த்ததும் சட்டைப் பொத்தானைத் தடவிச் சரிசெய்துகொண்டார். பிறகு பிள்ளைகளைப் பார்த்து ஆரம்பித்தார்.

"நானும் அவனும் ஒரே கப்பல்ல இருந்தோம். எங் கண்ணால பாத்தேன்..."

என் கணவரைவிட நன்றாகவே சொன்னார். அவருக்குத் தயக்கம் எங்கேயும் வரவில்லை. அந்த மனிதர் கடலையே கோட்டைப்பட்டினத்துக்குப் பாக்குவெட்டியைப் பிடுங்கப் போன அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தவர். அவர் தலைக்குமேல் சட்டம் போட்ட பெரிய படம் மாட்டியிருந்தது. கண்ணாடிமேல் கை வைத்தபடி அந்தப் பெண், குங்குமப் பொட்டோடு. கீழே எழுதியிருந்ததை என் மாணவி ஒருத்தி எழுத்துக்கூட்டி உரக்கப் படித்தாள். "இன்றும் பொட்டழியாமல் கணவனுக்காகக் காத்திருக்கும் வீரபத்தினி."

மூலையில் சாய்வு நாற்காலியில் முதலாளி உட்கார்ந்திருந்தார். பார்வை மங்கிவிட்டிருந்தது. நான் யார் என்று அவருக்குத் தெரியவில்லை. "டீச்சரா? பிள்ளைங்களுக்கு நல்லாச் சொல்லிக்குடுங்கம்மா. நம்மாளுங்க செஞ்ச தியாகம் நாலு பேருக்குத் தெரியணும்" என்று கும்பிட்டார். நானும் கும்பிட்டேன். பிள்ளைகள் முன்னால் வேறென்ன செய்ய?

வெளியே வரும்போது டிரைவர் பின்னாலேயே ஓடி வந்தார். "வயித்துப் பொழப்புக்கா. அண்ணன் தப்பா நெனச்சுக்கப் போறாரு."

"அவரு ஒண்ணும் நெனைக்க மாட்டாரு" என்றேன்.

எங்கள் ஊர் டீக்கடைக்கும் அந்தக் கதை டிரைவர் சொன்னபடியே வந்து சேர்ந்தது. ஒரு நாள் இளவட்டம் ஒருவன் என் கணவரிடமே கேட்டான். "மாமா, திருமயத்துக் கப்பல் வீட்டுல சண்டைக்குப் போன ஒருத்தரு இருக்காராமே, நீங்ககூட அந்த வீட்டுலதான் கூட்டிப் பெருக்கிக்கிட்டு இருந்தீங்களாமே?" நான் கடைக்குப் பக்கத்தில் பஸ்ஸுக்கு நின்றேன். மூழ்கிய கப்பலில் இருந்து தப்பிய மனிதர் டீ டம்ளரை வைத்துவிட்டுச் சொன்னார்.

"ஆமாப்பா. கூட்டித்தான் வச்சேன்."

முதலாளி செத்த பிறகு மகன்கள் மெட்ராஸிலிருந்து வந்தார்கள். அவர்களுக்கு அந்தக் கூடம் பெரிய தலைவலி. செய்தி கேட்டு நான் ஒரு சனிக்கிழமை போனேன். முற்றத்தில் பீரங்கிக் குண்டுகளைப் பழைய இரும்புக்காரர்கள் தராசில் ஏற்றி இறக்கிக்கொண்டிருந்தார்கள். எம்டன் சிதறல்கள் ஒரு சாக்குக்குள் கிடந்தன. மூத்த மகனிடம் பாக்குவெட்டியைப் பற்றிக் கேட்டேன். மரியாதையாகத்தான் பதில் சொன்னார்.

"பித்தளைச் சாமான் எல்லாம் முந்தாநாளே லாரில போயிருச்சுங்க. எதுங்க, எனக்கு ஞாபகம் இல்லியே. பெரிய அயிட்டமா?"

"இல்லீங்க. சின்னது" என்றேன்.

அந்தப் பெண்ணிடம் யாராவது சொல்ல வேண்டும் என்று தோன்றியது. என் கணவரைக் கூப்பிட்டேன், வரவில்லை. நான் மட்டும் போனேன். அவள் கரையில் வலை நிழலில் உட்கார்ந்து மீன் தரம் பிரித்துக்கொண்டிருந்தாள். அடையாளம் கண்டுகொண்டு எழுந்து வந்து கையைப் பிடித்தாள். திருடி என்ற பேச்சு அடங்கவே வெகுகாலம் ஆயிற்று என்று சாதாரணமாகச் சொன்னாள். நான் விஷயத்தைச் சொன்னேன்.

"போகட்டும்க்கா. அத வச்சு நான் என்ன செய்யப் போறேன், பல்லே ஆடுது" என்றாள். பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டாள். "எம் படம் ஒண்ணு மாட்டி வச்சிருந்தாங்களாமே, பொட்டு வச்சு. எங்க ஊரு ஆளுக பாத்துட்டு வந்து சிரிச்சாங்க. அதக் கிழிச்சுட்டாங்களா?"

முதலாளி வீட்டில் சுவரோரம் படச் சட்டங்களை அடுக்கி வைத்திருந்ததைப் பார்த்திருந்தேன். அதில் அந்தப் படம் இருந்ததா, அதற்கு முன்பே யார் கைக்காவது போயிற்றா, நான் பார்க்கவில்லை. பாக்குவெட்டியைத்தான் கேட்கப் போனேன். படத்தைப் பற்றி எனக்கு நினைப்பே வரவில்லை.

"தெரியலம்மா" என்றேன்.

அவள் தலையை ஆட்டிவிட்டு, மீன்களுக்கு நேரே திரும்பி உட்கார்ந்துகொண்டாள். நான் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு அறந்தாங்கி பஸ்ஸுக்கு நடந்தேன். வீட்டுக்கு வந்ததும் அவர், அந்தப் பெண் எப்படி இருக்கிறாள் என்று கேட்பார் என்று நினைத்தேன். மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தார். கேட்கவில்லை. நான் இன்னொரு வாளித் தண்ணீர் இறைத்துக் கொண்டுவந்து அவர் பக்கத்தில் வைத்தேன்.